புண் ஆற்றும் பெயர்கள்: தமிழ் மருந்துச் சொற்களும் பினாங்கும்

தமிழில் 'ஆறுதல்' என்னும் சொல் சூடு தணிதலையும், துயர் தணிதலையும், புண் குணமாதலையும் ஒருங்கே குறிக்கும். தீச்சுட்ட புண்ணைக் கூறும் குறளிலும் இவ்வினையே பயில்கிறது. புண் பேணும் முறைகளும் நம் பழைய நூல்களில் பதிவாகியுள்ளன. புறநானூற்று 281ஆம் பாடலில், விழுப்புண் பட்டவன் மனையில் வேப்பிலை செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எழுப்புகின்றனர். பதிற்றுப்பத்தோ ஊசியால் தைத்த புண்ணின் வடுவைச் சுட்டுகிறது. சித்த மருத்துவத்தின் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துரிசு ஆகியவற்றால் ஆவது. ஆறாத புண்ணுக்கு மேற்பூச்சாக வழங்குவது.

இம்மரபுடன் பினாங்கிற்கு வந்த தமிழர், அறிந்த மூலிகைகளையே இங்கு வேறு பெயர்களில் கண்டனர். வல்லாரை மலாயில் பெகாகா, மஞ்சள் குன்யிட், வெற்றிலை சிரே. அறியாத பொருளும் ஒன்று இருந்தது. புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பதாக மலாய் மக்கள் கூறும் காளான் அது. பினாங்கில் கிடைத்த மாதிரியைக் கொண்டே 1879இல் ஆங்கிலேயக் காளானியல் அறிஞர் குக் அதற்கு அறிவியற்பெயர் இட்டார். மலாய்ப்பெயர் புலியைச் சுட்ட, அறிவியற்பெயர் காண்டாமிருகத்தைச் சுட்டுகிறது. அதன் நிலத்தடிக் கிழங்கு போன்ற பகுதியைத் தீபகற்பப் பழங்குடியினர் இருமல், இளைப்பு, புண் முதலியவற்றுக்குப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

பெயராய்வு வெறும் சொல்லாய்வன்று. 'பிரம்மி' என்னும் பெயர் சில இடங்களில் வல்லாரையையும், சில இடங்களில் நீர்ப்பிரமியையும் குறிக்கிறது. இரண்டும் வேறு குடும்பச் செடிகள். வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு, புதுத்தோலுக்கு வேண்டிய கொலாஜன் உருவாகத் துணைபுரிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெயர் மயங்கினால் அப்பயனும் பொய்க்கும். ஊமத்தையோ நச்சுச்செடி, அளவும் பக்குவமும் அறியாதார் கையாளத் தக்கதன்று.

இன்று நம்மிடையே மிகுந்துள்ள நீரிழிவுப் புண், இரத்த ஓட்டக் குறைவாலும் உணர்விழப்பாலும் ஆறாது நிற்பது. அதன்மேல் பச்சிலையை அரைத்து அப்பினால் கிருமி புகக்கூடும். மருத்துவரை நாடாது கழியும் நாள்கள் காலையே இழக்கச் செய்யலாம். மருந்தாகத் தூய்மைப்படுத்திய சாறு வேறு, கொல்லையில் பறித்த இலை வேறு என்பதை மாணவர் உணர வேண்டும்.

ஆகவே, மூலிகைப் பெயரொன்றைக் கேட்கும் மாணவர் அதன் தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், அறிவியற்பெயர், பயன்படும் உறுப்பு, பக்குவம் ஆகிய ஐந்தையும் ஒரே ஏட்டில் எழுதிவைப்பாராக. தண்ணீர்மலைப் பூங்கா 1884 முதல் செடிகளைப் பேணி வருகிறது. அச்செடிகளின் தமிழ்ப்பெயர்களைப் பேணும் கடமை நம்முடையது.