முடிவு முந்தியது, உளவு பிந்தியது: வியட்நாமில் அமெரிக்கா, 1945–46

வியட்நாம் போரின் மூலகாரணங்களை ஆராய்வோரிடையே ‘நழுவவிட்ட வாய்ப்பு’ என்னும் கருத்து வலுவாக வேரூன்றியுள்ளது. 1945இல் வியட்நாம் விடுதலை இயக்கத் தலைவர் ஹோ சி மின்னுடன் பழகிய அமெரிக்க உளவு அதிகாரிகளின் சொல்லுக்கு வாஷிங்டன் செவிசாய்த்திருந்தால் போரே மூண்டிராது என்பது அதன் சாரம். கால வரிசை இதற்கு இடம் தரவில்லை. களத்தில் நட்பு முதிருமுன்பே தலைநகரில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1945 மார்ச் 9 அன்று ஜப்பானியர் இந்தோசீனாவின் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தனர். அதுவரை பிரெஞ்சுக்காரர்கள் வழியே நேச நாடுகளுக்குக் கிடைத்துவந்த தகவல்கள் நின்றுபோயின. ஜப்பானியப் படை நகர்வுகளை அறியவும் வீழ்ந்த விமானிகளை மீட்கவும் புதிய ஆட்கள் தேவைப்பட்டனர். அம்மாதமே சீனாவின் குன்மிங் நகரில் உளவு அதிகாரி சார்லஸ் ஃபென், விமானப்படைத் தளபதி சென்னால்ட்டிடம் ஹோவை அழைத்துச் சென்றார். ஹோ அங்கே ஆயுதமோ பணமோ கோரவில்லை. கையொப்பமிட்ட நிழற்படம் ஒன்றை மட்டும் கேட்டுப் பெற்றார். பிறகு ஃபென்னிடம் ஆறு கைத்துப்பாக்கிகள் பெற்றார். தமக்கு அமெரிக்க ஆதரவு உண்டு என்பதை ஐயுற்ற பிற தலைவர்களுக்கு இவற்றையே சான்றாகக் காட்டினார். சென்னால்ட்டுக்கு வெறும் மரியாதையாக இருந்த படம், ஹோவின் கையில் அரசியல் ஆவணமாயிற்று.

ஜூலை 16 அன்று மேஜர் அலிசன் தாமஸ் தலைமையில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.-இன் ‘மான் குழு’ வடக்கு வியட்நாமின் தான் ட்ராவோவில் பாராசூட்டில் இறங்கத் தொடங்கியது. குழுவின் மருத்துவ உதவியாளர் பால் ஹோக்லண்ட், நோயுற்றுக் கிடந்த ஹோவுக்குச் சிகிச்சை அளித்தார். ஹோவின் விடுதலை முன்னணியான வியட் மின் கம்யூனிச இயக்கமன்று எனத் தாமஸ் மறுநாளே அறிக்கை அனுப்பினார். அது அவசரத் தீர்ப்பு; கம்யூனிஸ்ட் அகிலத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் ஹோ. ஆயினும் பிரெஞ்சு ஆட்சியின்மீது வியட்நாமியர் கொண்டிருந்த வெறுப்பைக் களத்திலிருந்தோர் சரியாகவே கணித்தனர்.

அந்தக் கணிப்பு எடுபடவில்லை. இந்தோசீனாவைப் பன்னாட்டுப் பொறுப்பாட்சியில் வைக்க விரும்பிய அதிபர் ரூஸ்வெல்ட் ஏப்ரல் 12 அன்று இறந்தார். மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில், இந்தோசீனாவின்மீதான பிரெஞ்சு இறைமையை அமெரிக்கா ஒருபோதும் கேள்விக்குள்ளாக்கியதில்லை என வெளியுறவுச் செயலர் ஸ்டெட்டினியஸ் பிரெஞ்சு அமைச்சர் பிதோவிடம் உறுதியளித்தார். தாமஸ் களமிறங்க இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. ஐரோப்பாவில் பிரான்சின் துணையை நாடிய அரசுக்கு வியட் மின் ஜப்பானியருக்கு எதிரான தற்காலிகத் துணை மட்டுமே.

அக்டோபர் 1 அன்று ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட்டது. அதனால்தான் வாய்ப்பு பறிபோயிற்று என்பாரும் உளர். ஆனால் ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ட்ரூமனுக்கு ஹோ நேரடியாக அனுப்பிய தந்திகளுக்கும் கடிதங்களுக்கும்கூட விடை வரவில்லை. 1946 டிசம்பரில் வெளியுறவுத் துறையின் அபட் லோ மொஃபட் ஹனோயில் ஹோவைச் சந்தித்தபோது, எதையும் வாக்களிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஹோவின் கம்யூனிசப் பின்னணியை மறக்க வேண்டாம் என்றே வெளியுறவுத் துணைச் செயலர் அச்சிசனின் தந்தி மொஃபட்டை எச்சரித்தது. டிசம்பர் 19 அன்று ஹனோயில் பிரெஞ்சுக்காரருடன் போர் வெடித்தது.

கொள்கை திறந்திருக்கும் வரைதான் உளவு அதற்கு வழிகாட்ட முடியும். ஆகவே வாய்ப்பு நழுவியது எங்கே எனத் தேடுவோர், 1945 ஜூலையின் தான் ட்ராவோ காட்டைவிட, அவ்வாண்டு மே மாதத்துச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தம் ஆய்வைத் தொடங்க வேண்டும்.