சீருடையும் முகமூடியும்: ஜனெல் மொனேயின் ஆரம்பகால இசைவாழ்வு

ஒரு கலைஞர் மீது முன்னோர் செலுத்திய செல்வாக்கை ஆராய்வோர், அவர் கேட்ட இசைத்தட்டுகளையும் பார்த்த திரைப்படங்களையும் நிரற்படுத்துவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர் ஜனெல் மொனே பற்றிய எழுத்துகள் பலவும் இத்தகையனவே. ஜேம்ஸ் பிறவுணின் நடனம், பிறின்ஸின் துணிச்சல், ஃபிறிற்ஸ் லாங்கின் 1927ஆம் ஆண்டு மௌனப்படமான 'மெற்றோபொலிஸ்' ஆகியன அவற்றில் தவறாது இடம்பெறும். அவை உண்மையே. ஆயினும், அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்த இழை யாது என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. அவ்விழை இசைக்கு வெளியே, உழைப்பிலே இருந்தது என்பதே எமது கருத்தாகும்.

மொனே 1985 டிசெம்பர் 1ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்துக் கன்சாஸ் நகரில் பிறந்து, குவின்டாரோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தார். இவ்விடம் வரலாற்றில் அற்பமானதன்று. 1850களில் அடிமைமுறைக்கு எதிரானவர்களால் மிசூரி ஆற்றங்கரையில் நிறுவப்பட்ட ஊர் அது; ஆற்றைக் கடந்து தப்பிவந்த அடிமைகளுக்குப் புகலிடமாக இருந்தது. கறுப்பின மக்களுக்கென அங்கு இயங்கிய வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தில் கற்றவரே, 1935இல் 'போர்கி அன்ட் பெஸ்' இசைநாடகத்தின் பாடற்குழுவை நெறிப்படுத்திய ஈவா ஜெஸி. மொனே பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அப்பல்கலைக்கழகம் மூடப்பட்டுவிட்டது. அவர் கண்ட குவின்டாரோ வறுமையின் குவின்டாரோ. தாயார் துப்புரவுத் தொழிலாளி. தந்தையார் குப்பை வண்டி ஓட்டியவர். தாயாரின் இரண்டாவது கணவர் தபாலகத்தில் பணிபுரிந்தவர்.

பப்ரிஸ்ற் தேவாலயப் பாடலும் இளம் நாடகாசிரியர்களுக்கான உள்ளூர்ப் பயிற்சிக் குழுவும் அவருக்கு முதற் பள்ளிகளாயின. ஸ்ரீவி வொண்டர் 1979இல் தாவரங்களின் வாழ்வைப் பற்றி வெளியிட்ட இசைத்தொகுப்பின் தூண்டுதலால், சிறுவயதிலேயே ஓர் இசைநாடகம் எழுதினார். கதையும் பாட்டும் பிரியாத அமைப்பு அவருடைய பிற்காலத் தொகுப்புகள் பலவற்றிலும் தொடர்வதற்கு இதுவே வித்து எனலாம். நியூயோர்க்கில் நாடகக் கல்வியைத் தொடங்கி, அதனை முடிக்காமலே அற்லான்ரா நகருக்குச் சென்றார். அங்கு வீடுகளைத் துப்புரவு செய்தும் கடையிற் பணிபுரிந்தும் பிழைத்துக்கொண்டே மாணவர் மத்தியில் பாடினார். 2003இல் தமது முதற் பாடற்றொகுப்பைத் தாமே வெளியிட்டார். 'அவுட்காஸ்ற்' குழுவின் பிக் போய் அவரை இனங்கண்டதன் பயனாக, அக்குழுவின் 'ஐடில்வைல்ட்' தொகுப்பில் 2006இல் அவர் குரல் ஒலித்தது.

மேடையில் அவர் அணிந்தது கறுப்பும் வெள்ளையுமான ஆடவர் மாலை உடுப்பு. இதனைப் புதுமை நாட்டமென்று கொண்டோர் பலர். ஆனால், தாமும் வீடுகள் துப்புரவு செய்தவரென்றும், பெற்றோர் யாவரும் சீருடை அணிந்து உழைத்தவர்களென்றும், அவர்களுக்குச் செய்யும் மரியாதையே தமது சீருடையென்றும் 2012இல் ஒரு விருது மேடையில் அவரே விளக்கினார்.

இவ்வுடுப்புக்கு வேறொரு முன்வரலாறும் உண்டு. 1920களில் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் கிளாடிஸ் பென்ற்லி வெள்ளை மாலை உடுப்பும் உயர்தொப்பியும் அணிந்து பியானோ வாசித்துப் பாடினார்; பெண்களை நேசிப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால், சந்தேகமும் அச்சமும் ஆட்சி செய்த 1950களில் நிலைமை மாறிற்று. 1952இல் 'எபொனி' சஞ்சிகையில், தாம் மீண்டும் பெண்ணாகிவிட்டதாக அறிவிக்கும் கட்டுரையை அவர் எழுத நேர்ந்தது. வெளிப்படையாக வாழ்ந்த ஒருவர் எவ்வளவு எளிதில் அடக்கப்படலாம் என்பதற்கு இதனிலும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மொனே வேறொரு வழியை மேற்கொண்டார். 2007இல் வெளியான 'மெற்றோபொலிஸ்' முதற் பகுதியில், 2719ஆம் ஆண்டில் வாழும் சின்டி மேவெதர் என்னும் இயந்திர மனிதராக அவர் தோன்றினார். அவரது இலக்கம் 57821. மனிதர் ஒருவரைக் காதலித்ததே அவர் செய்த குற்றம். அதற்குத் தண்டனை உடல் கழற்றப்படுவது. 'றோபோ' என்ற சொல், 1920இல் கரெல் சப்பெக் எழுதிய செக் மொழி நாடகத்திலிருந்து பரவியது. அதன் வேர்ச்சொல் கட்டாய உழைப்பைக் குறிப்பது. எனவே இது வெறும் விஞ்ஞானக் கற்பனை அன்று. 'மெனி மூன்ஸ்' பாடலின் குறும்படத்தில் இயந்திர மனிதர் ஏலத்தில் விற்கப்படுகின்றனர். அக்காட்சியில் அடிமைச் சந்தையைக் காணாத விமர்சகர், வரலாற்றுக்குக் கண்ணை மூடியவரே. 2010இல் வெளிவந்த 'த ஆர்க்அன்ட்ரொயிட்' அட்டையில் லாங்கின் மாநகரம் அவர் தலையிற் கிரீடமாக நின்றது.

யாரைக் காதலிக்கிறீர்கள் என்று செய்தியாளர் துருவியபோதெல்லாம், இயந்திர மனிதரை மட்டுமே என்று விடையிறுத்தார். இதனைத் தட்டிக்கழித்தல் என்று குறைகூறுவது எளிது. பென்ற்லியின் கதையை அறிந்தோர்க்கு அத்துணை எளிதன்று. முகமூடி அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுக் கால அவகாசத்தை ஈட்டித் தந்தது. 2018 ஏப்ரலில் தாம் பால்புதுமையர் என்பதையும், 2022இல் பாலின இருமைக்குள் அடங்காதவர் என்பதையும் அவர் பகிரங்கப்படுத்தினார். (ஆங்கிலத்தில் அவரைச் சுட்டுவதற்குரிய பிரதிப்பெயர் குறித்து எழுந்த விவாதம் தமிழில் எழத் தேவையில்லை, 'அவர்' என்ற சொல் நமக்கு என்றோ வாய்த்துவிட்டது.)

2018இல் வந்த 'டேர்ட்டி கொம்பியூற்றர்' தொகுப்பின் தொடக்க முயற்சிகளில், 2016இல் மறைந்த பிறின்ஸும் துணைநின்றார். அதனோடு வெளியான திரைப்படத்தில் சின்டி இல்லை. மொனே ஏற்றது ஜேன் என்னும் மனிதப் பாத்திரம். அவரது இலக்கமும் 57821.