திரையில் வில்லன், மேடையில் இலங்கேஸ்வரன்

பழைய எம்.ஜி.ஆர். படங்களை டிவியில் பார்ப்பவர்களுக்கு ஆர்.எஸ்.மனோகரைத் தெரியாமல் இருக்காது. பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். கணீரென்ற குரல், முறைத்த பார்வை, கடைசிக் காட்சியில் கட்டாயம் அடி! நானும் அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஓடிக்கொண்டிருந்தபோது, "இந்த வில்லன் யாரு தாத்தா?" என்று கேட்டேன். தாத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வில்லனா? அவர் மனோகர்டா! நீ அவரை மேடையில பார்த்திருக்கணும்" என்றார். அதன் பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

மனோகர் 1925-ல் நாமக்கல்லில் பிறந்தவர். இயற்பெயர் லட்சுமி நரசிம்மன். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் நடித்ததால் வந்த பெயர்தான் மனோகர். அதாவது, பெயரையே மேடைதான் கொடுத்தது.

அவர் சினிமாவுக்கு வந்தது வில்லனாக அல்ல, கதாநாயகனாக. ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் நாவலை வைத்து எடுத்த 'ராஜாம்பாள்' (1951) படத்தில் அவர்தான் ஹீரோ. வில்லன் யார் தெரியுமா? பின்னாளில் வீணை வித்வானாகப் புகழ்பெற்ற எஸ்.பாலசந்தர்! சில வருடங்களில் நிலைமை மாறியது. 'வண்ணக்கிளி' (1959) படத்தில் மனோகர்தான் வில்லன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கைதி கண்ணாயிரம்' (1960), 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966) என்று தொடர்ந்து நடித்தார். எம்.ஜி.ஆர். படங்களில் வில்லன் வரிசையில் நிரந்தர இடம் பிடித்தார்.

அந்தக் கால வில்லன்களில் பலர் நாடகத்திலிருந்து வந்தவர்கள். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் வளர்ந்தவர். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும், பக்கம் பக்கமாக வசனம் பேச வேண்டும். இந்தப் பயிற்சி ராஜா ராணிக் கதைகளில் மிரட்டும் வேடங்களுக்கு அப்படியே பொருந்தியது.

ஆனால் ஒரு குறை. பெரும்பாலான படங்களில் வில்லனுக்குக் காரணமே கிடையாது. ஏன் கெட்டவன் ஆனான், மனதில் என்ன இருந்தது என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஹீரோவின் நல்ல குணம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவன் இருக்கிறான்.

மனோகர் 1954-ல் தொடங்கிய 'நேஷனல் தியேட்டர்ஸ்' நாடகக் குழுவின் நாடகப் பெயர்களைப் பாருங்கள்: 'இலங்கேஸ்வரன்', 'சூரபத்மன்', 'சிசுபாலன்', 'இந்திரஜித்', 'நரகாசுரன்', 'சுக்ராச்சாரியார்', 'மாலிக்காபூர்', 'சாணக்கிய சபதம்'. ராமன் இல்லை, கண்ணன் இல்லை, முருகன் இல்லை. அவர்களிடம் தோற்றவர்கள்தான் இங்கே தலைப்பில் இருக்கிறார்கள்!

யோசித்தால் இது ஆழமான தேர்வு. நம் புராணங்களில் அசுரனுக்கும் ஒரு கதை உண்டு, தவம் உண்டு, சாபம் உண்டு. நரகாசுரன் பூமாதேவியின் மகன். வைகுண்டத்தின் வாயில் காப்போரான ஜெயன், விஜயன் இருவரும் சாபத்தால் எடுத்த பிறவிகளில்தான் ராவணனும் வருகிறான், சிசுபாலனும் வருகிறான். சினிமா கேட்காத "ஏன்?" என்ற கேள்விக்குப் புராணத்தில் பதில் இருந்தது. அதை மனோகர் மேடைக்குக் கொண்டுவந்தார். வசனத்துக்குத் துறையூர் மூர்த்தி போன்ற எழுத்தாளர்கள் கிடைத்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது தமிழ்நாட்டில் ராவணனைப் பற்றிப் பெரிய வாதம் நடந்த காலம். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-ல் வெளிவந்தது. எம்.ஆர்.ராதா ராமாயணத்தைக் கிண்டல் செய்து நாடகம் போட்டு அரசாங்கத்தோடு மோதினார். மனோகர் அந்த வழியில் போகவில்லை. பக்தியோடு சபாவுக்கு வந்தவர்களையே உட்காரவைத்து ராவணன் பக்கத்தைப் பேசிக் காட்டினார்.

அதோடு அவருடைய மேடை தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்போனது. பெரிய பெரிய செட், கண்மூடித் திறப்பதற்குள் மாறும் காட்சி, ஒளி ஒலி ஜாலங்கள், 'டிராமாஸ்கோப்' என்று விளம்பரம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாமல் இத்தனையும்! "திரை தூக்கினதும் கூட்டம் முழுக்க 'ஆ'ன்னு வாயைப் பொளந்துரும்" என்பார் தாத்தா. 'நாடகக் காவலர்' என்ற பட்டம் சும்மா வரவில்லை. சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

2006 ஜனவரியில் சென்னையில் மனோகர் காலமானார்.

எனக்கு வருத்தம் இதுதான். அவர் அடி வாங்கிய படங்களை நாம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் ராவணனாக நின்ற மேடையோ பார்த்தவர்களின் நினைவில்தான் மிச்சம் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், "மனோகர் நாடகம் பார்த்திருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சொல்வதைக் குறித்தும் வையுங்கள். நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.