'சுடுகிறதா?': இயன்முறை மருத்துவத்தில் ஒரு கேள்வியின் வரலாறு

மருந்துக்கு மில்லிகிராம் உண்டு. கதிர்வீச்சுக்கு அலகு உண்டு. ஆனால் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தி வரும் ஷார்ட்வேவ் டயதெர்மிக்கு அத்தகைய நடைமுறை அலகு எதுவும் இல்லை. கருவியின் முகப்பில் எண்கள் இருக்கும். அவை திசுவுக்குள் எவ்வளவு வெப்பம் சென்றது என்பதைக் கூறுவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஷ்லீஃபாக்கேயின் பெயரால் வழங்கும் நான்கு படிகளே இன்றும் பாடநூல்களில் உள்ளன: உணர முடியாத வெப்பம், மிக இலேசாக உணரப்படும் வெப்பம், இதமான வெப்பம், தாங்கக்கூடிய எல்லையில் உள்ள வெப்பம். நான்குமே நோயாளியின் உணர்வைப் பற்றியவை. அதாவது, இச்சிகிச்சையின் அளவுகோல் நோயாளியின் வாய்ச்சொல். மருத்துவர் 'சுடுகிறதா?' என்று கேட்கிறார். விடையைப் பொறுத்துக் கருவியின் குமிழைத் திருப்புகிறார்.

பாதுகாப்பின் முழுப் பாரமும் இந்த ஒற்றைக் கேள்வியின் மேல் எப்போது ஏற்றப்பட்டது, எங்கே அது முறிந்தது என்பதைப் பற்றியதே இப்பதிவு. ஹைதராபாத்தில் இருந்து எழுதுவதால் இந்நகரத்தின் சில செய்திகளும் இடையில் வரும்.

முதலில் பழைய நூல்களைப் பற்றிச் சுருக்கமாக. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் பதினான்காம் அத்தியாயம் சுவேதனம் எனப்படும் வெப்பமூட்டல் பற்றியது. யாருக்கு வெப்பம் தரலாகாது என்று அது தரும் பட்டியலில் கருவுற்றவர், மதுமேகம் உடையவர், மது மயக்கத்தில் இருப்பவர், உணர்விழந்தவர் ஆகியோர் உள்ளனர். விதைப்பை, இதயம், கண் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பம் மிக மென்மையாக இருக்க வேண்டும், அல்லது அறவே கூடாது என்கிறது. கண்களைத் துணியாலோ தாமரை இதழாலோ மூட வேண்டும். மார்பில் குளிர்ந்த முத்துமாலையோ ஈரக் கையோ படிந்திருக்க வேண்டும். குளிரும் வலியும் விறைப்பும் நீங்கி வியர்வை தோன்றினால் நிறுத்த வேண்டும். இப்பட்டியலை இன்றைய மீயொலிச் சிகிச்சையின் விலக்குப் பட்டியலுடன் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். ஆயினும் 'அன்றே அறிந்திருந்தனர்' என்ற முடிவுக்குத் தாவுவது வரலாற்று முறைக்கு உகந்ததன்று. மதுமேகிக்கு வெப்பம் விலக்கப்பட்டதன் காரணம் அந்நூலின் தோஷக் கோட்பாட்டுக்குள் இருக்கிறது. நரம்புச் சிதைவு அதற்குத் தெரியாது. நாம் ஏற்க வேண்டியது வேறொன்று: வெப்பத்தைப் பரிந்துரைத்த எந்த மரபும் விலக்குப் பட்டியல் இன்றி அதைப் பரிந்துரைக்கவில்லை.

சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளான ஒற்றடம், வேது, சுட்டிகை ஆகியவையும் அவ்வாறே. யுனானியின் 'இலாஜ் பித் தத்பீர்' என்னும் பிரிவில் ஹம்மாம், தக்மீத் எனப்படும் ஒற்றடம், கை எனப்படும் சூட்டுக்கோல் ஆகியவை அடங்கும். சார்மினாருக்கு அருகில் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் நிறுவிய நிஜாமியா யுனானி மருத்துவமனையின் வழியாக இம்மரபு இந்நகரத்தில் நிறுவன வடிவில் தொடர்கிறது.

பாதுகாப்பைச் சோதனையால் நிறுவ முடியும் என்ற நவீன நம்பிக்கைக்கும் ஹைதராபாத் ஒரு முக்கியமான களம். 1888, 1889 ஆண்டுகளில் ரெசிடென்சி அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி, ஆறாம் நிஜாமின் பொருளுதவியுடன் நடத்திய குளோரோஃபார்ம் ஆணையங்களை மருத்துவ வரலாறு படிப்போர் அறிவர். இரண்டாவது ஆணையத்துக்கு லான்செட் இதழின் சார்பில் லாடர் பிரண்டன் லண்டனில் இருந்து வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகள் மீது சோதனை நடந்தது. குளோரோஃபார்ம் நேரடியாக இதயத்தைக் கொல்வதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது முடிவு. 1911இல் ஏ. ஜி. லெவி இலேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயக் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று காட்டியபோது அம்முடிவு தகர்ந்தது. இதை இங்கே நினைவூட்டக் காரணம், மயக்கமுற்ற நோயாளி பேச மாட்டார் என்பதால்தான் லாரி எதைக் கவனிப்பது என்று தேடினார். வெப்பச் சிகிச்சையில் நோயாளி பேசுகிறார். எனவே வேறெதையும் தேட வேண்டிய தேவை எழவில்லை. இங்கே தேடல் நிகழாததற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம்.

இந்தியாவில் இயன்முறை மருத்துவம் ஒரு கல்வித் துறையாக வளர்ந்தது இளம்பிள்ளை வாதத்தின் நிழலில். 1950களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு முதல் பயிற்சிப் பள்ளி அமைந்தது. ஹைதராபாத்தில் 1960களில் நிஜாம் அறக்கட்டளையின் எலும்பியல் மருத்துவமனை எழுந்தது. பஞ்சகுட்டாவில் உள்ள இன்றைய நிம்ஸ் அதன் வளர்ச்சி. ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி பரப்பிய கம்பளி வெந்நீர்க் கட்டுகள் அந்நோய்க்கான சிகிச்சை முறையையே மாற்றியிருந்தன. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் தசையை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்குகிறது. தொடு உணர்வை விட்டுவிடுகிறது. கால் அசையாத குழந்தை, கட்டு சுட்டால் கத்தும். 'சுடுகிறதா?' என்ற கேள்வி அங்கே முழுமையாகச் செல்லுபடியாகும். ஒரு துறை தன் பழக்கங்களைக் கற்றுக்கொண்டது இத்தகைய நோயாளிகளிடம்.

தொழுநோய் இதற்கு நேர்மாறு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இன் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் அவருக்கு மடங்கிய கைகளைக் காட்டினார். தசைநாண் மாற்று அறுவையால் அவ்விரல்களை நிமிர்த்தலாம் என்று 1948 முதல் பிராண்ட் நிறுவியது பரவலாக அறியப்பட்ட செய்தி. அதைவிட ஆழமானது அவர் கண்ட மற்றொன்று. நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்பது அன்றைய பொது நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாடத்தைப் பின்தொடர்ந்தனர். எரியும் அடுப்பிலிருந்து கிழங்கை வெறுங்கையால் எடுத்தவர் ஒருவர். சூடேறிய லாந்தர்க் கண்ணாடியைக் கையால் திருப்பியவர் வேறொருவர். தூக்கத்தில் எலி கடித்ததை அறியாதவர்களும் இருந்தனர். எனவே வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பும் வழக்கம்கூட உருவானது. விரல்கள் அழுகவில்லை, காயப்பட்டுத் தேய்ந்தன. வலி இல்லாமையே நோயின் கொடுமை.

இந்தக் கைகளுக்குத்தான் மெழுகுக் குளியல் தேவைப்பட்டது. வறண்டு விறைத்த தோலையும் மூட்டையும் பயிற்சிக்கு முன் இளக்க உருகிய பாரஃபின் மெழுகு மிகப் பொருத்தமானது. ஏறத்தாழ 50 பாகை செல்சியஸில் அதைக் கை தாங்கும். அதே வெப்பநிலையில் நீரைத் தாங்காது. மெழுகின் வெப்பக் கடத்தல் குறைவு. தோலைத் தொட்டதும் உறைந்து ஓர் உறையாகி அடுத்த அடுக்கின் சூட்டைத் தடுக்கிறது. ஆனால் உணர்வுள்ள கை சற்றே மிகையான சூட்டில் தானே விலகும். உணர்வற்ற கை விலகாது. அதனிடம் 'சுடுகிறதா?' என்று கேட்டால், 'இல்லை' என்ற நேர்மையான, ஆபத்தான விடை வரும். ஆகவே கேள்வி வெப்பமானிக்கு மாறியது. மருத்துவர் தம் கையை முதலில் தோய்த்துப் பார்ப்பதும், நோயாளி தம் கண்ணால் தோலின் சிவப்பை ஒவ்வொரு நாளும் தேடிப் பார்ப்பதும் நடைமுறையாயின. தமிழில் 'சூடு சொரணை' என்று இரண்டையும் சேர்த்தே வைகிறோம். முதலாவதைத் தருமுன் இரண்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை வேலூர் அனுபவம் துறைக்குச் சொல்லித் தந்தது. வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய இரு சோதனைக் குழாய்களை, நோயாளி கண்மூடி இருக்க, வரிசை மாற்றித் தோலில் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை இன்று மாணவர்கள் முதல் ஆண்டுகளிலேயே கற்பது. அதை ஒரு சடங்காக முடித்துவிட்டுக் கருவியை இயக்குவோரையும் காண்கிறோம்.

வெப்பமும் காலமும் தோலை எப்படிச் சிதைக்கின்றன என்பதற்கு 1947இல் ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை. 44 பாகையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கும் தோல், அதற்கு மேல் 51 பாகை வரை ஒவ்வொரு பாகைக்கும் தன் தாங்குகாலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கிறது. சுடுகிறது என்று சொல்ல இயலாத ஒருவர், 'இளஞ்சூடு' எனப்படும் வெந்நீர்ப் பையோடு உறங்கிவிட்டாலே புண் வரலாம் என்பதன் கணக்கு இது.

பிராண்ட் பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். கையுறையில் அழுத்த உணரிகள், ஆபத்தின்போது ஒலி, அதைப் புறக்கணித்தால் உணர்வுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி. நோயாளிகள் அவசர வேலை வந்தால் கருவியை அணைத்துவிட்டு வேலையைச் செய்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அணைக்க முடியாமை என்பதே வலியின் சிறப்பு என்று அவர் உணர்ந்தார்.

மீயொலியின் வரலாறும் வலியில்தான் தொடங்குகிறது. முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்ற பால் லாங்கெவின், அலைக்கற்றையின் பாதையில் மீன்கள் இறப்பதையும், நீரில் வைத்த கை வலிப்பதையும் குறித்தார். 1927இல் வுட்டும் லூமிஸும் அதன் உயிரியல் விளைவுகளை விரிவாக வெளியிட்டனர். 1930களின் இறுதியில் பெர்லினில் போல்மன் அதைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். 1949இல் எர்லாங்கனில் கூடிய மாநாடு ஒழுங்குபடுத்த முயன்றது. இங்கே நம் கேள்வி மற்றொரு வகையில் பலவீனமாகிறது. 1 மெகாஹெர்ட்ஸ் மீயொலி தோலில் அதிகம் தங்காமல் உள்ளே செல்கிறது. எலும்பின் பரப்பில் பெருமளவு உறிஞ்சப்படுகிறது. தோல் சுடாத நிலையிலேயே எலும்புச் சவ்வு நோகலாம். எனவே கேட்க வேண்டியது 'சுடுகிறதா?' அன்று, 'உள்ளே ஆழமாக வலிக்கிறதா?' என்பதே. 1970களில் மேரி டைசன் குழுவினர் கோழிக் கருவில் நிலை அலைகள் குருதி அணுக்களின் ஓட்டத்தையே நிறுத்துவதைக் காட்டினர். கருவியின் தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதிக்கு வலுவான ஆதாரம் அது. 1979இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஒழுங்குமுறை, கருவி காட்டும் அளவுக்கும் வெளியிடும் அளவுக்கும் இடையே 20 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்றது.

பயன் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராபர்ட்சனும் பேக்கரும் 2001இல் 35 ஆய்வுகளைச் சலித்து, முறைப்படி ஏற்கத்தக்கவை பத்து என்றனர். அவற்றுள் இரண்டு மட்டுமே போலிச் சிகிச்சையைவிட மீயொலி மேல் என்றன. பயன் இவ்வளவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது ஆபத்துக்கான சகிப்பு எல்லை இன்னும் குறைய வேண்டும் என்பது என் கருத்து.

குளிர் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை. பனிக்கட்டிக்கு முதலுதவியில் முதலிடம் தந்த 1978ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விதியை அதை வகுத்த கேப் மிர்க்கினே பின்னாளில் திருத்திக்கொண்டார். முழங்காலின் வெளிப்புறம் தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பு பனிக்கட்டியால் செயலிழந்த விளையாட்டு வீரர்களைப் பற்றிய 1981ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவர்கள் தேடிப் படிக்கலாம். குளிர் தன் விளைவாகவே உணர்வை மரக்கச் செய்கிறது. கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய சாட்சியை முதலில் மௌனமாக்குவது அதன் இயல்பு.

இன்று தொழுநோய் அல்ல, நீரிழிவே நம்முன் நிற்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. அவர்களின் பாதங்களைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையின் எல்லை அளவு, 1986இல் கார்வில்லில் தொழுநோயாளிகளின் பாதங்களையும் ஆராய்ந்து பெற்றது. வேலூரில் தொடங்கிய அறிவு நம் பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஹைதராபாத்தில் இக்கேள்வி குறைந்தது மூன்று மொழிகளில் கேட்கப்படுகிறது. தெலுங்கில் இதமான சூடு 'கோருவெச்ச', உருதில் 'குன்குனா', தமிழில் 'வெதுவெதுப்பு'. மூன்றும் பெரும்பாலும் நீரைக் குறிக்கும் சொற்கள். தம் தோலின் உணர்வுக்கு இவற்றை ஆள்வோர் குறைவு. தெலுங்கின் 'மண்ட' தீச்சுடரையும் எரிச்சலையும் ஒருசேரக் குறிக்கும். நரம்பு சிதைந்த நீரிழிவு நோயாளி கருவியைத் தொடுவதற்கு முன்பே பாதத்தில் 'மண்ட' இருப்பதாகச் சொல்கிறார். தமிழர் 'எரிச்சல்' என்கிறார். உருது பேசுவோர் 'ஜலன்' என்கிறார். எரிகிறது என்று சொல்லும் அதே பாதம் உண்மையான சூட்டை உணராமல் இருக்கக்கூடும். மொழி அறியாத பயிற்சி மாணவருக்கு அச்சொல் 'இங்கே உணர்வு நன்றாக இருக்கிறது' என்று பொருள்படும்.

இச்சொற்களை மாவட்ட வாரியாகத் திரட்டி வருகிறேன். உங்கள் ஊரில் ஒற்றடம் கொடுக்கும்போது 'போதும்' என்பதற்கு முந்தைய படியை எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள்? இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர்கள் தங்கள் பயிற்சிக்கூடத்தில் கேட்ட சொற்களை நோயாளியின் அடையாளம் இன்றிப் பின்னூட்டத்தில் பதிவு செய்தால், அடுத்த பதிவில் அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.