இருவருக்கு வந்த ஒரே எண்ணம்

புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எல்லாத்தையும் யாரோ எழுதிட்டாங்க. நான் புதுசா என்னத்த எழுதுறது?" அவர்களுக்கு நான் சொல்வது நம் வட்டாரத்துக் கதைதான்.

1854-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரில் வந்திறங்கினார். வசதியில்லாதவர். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, அந்தக் காசில் காடு சுற்றியவர். புக்கிட் தீமாவில் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள் கிடைத்தன. பிறகு மலாக்கா, சரவாக், கிழக்கே மலுக்குத் தீவுகள். 1858-இல் காய்ச்சலில் கிடந்தபோது, எப்போதோ படித்த மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரை நினைவுக்கு வந்தது. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை, பொருந்தியவை பிழைக்கின்றன, அப்படித்தான் புது இனங்கள் உருவாகின்றன. அதை எழுதி, தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார்.

ஜூனில் அதைப் பிரித்த டார்வின் ஆடிப்போனார். அதே மால்தஸைப் படித்து 1838-லேயே அதே முடிவுக்கு வந்தவர் அவர். 1844-இல் நீண்ட கட்டுரையாக எழுதியும் வெளியிடவில்லை. தனக்கென்று இனி எதுவும் மிஞ்சாது என்று நண்பர் லையலிடம் புலம்பினார். நண்பர்கள் வழி செய்தார்கள். ஜூலை 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தும் வாசிக்கப்பட்டன. முதலில் டார்வினுடையது. தீவில் இருந்த வாலஸிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்தல்தான்.

கதை அதோடு முடியவில்லை. 1860-இல் பேட்ரிக் மேத்யூ என்ற ஸ்காட்லாந்துக்காரர், இதை நான் 1831-லேயே சொல்லிட்டேனே என்று வந்து நின்றார். உண்மைதான். கப்பலுக்கான மரங்கள் பற்றிய நூலின் பின்னிணைப்பில் இருந்தது. டார்வினும் ஒப்புக்கொண்டார். ஆனால் மேத்யூ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். டார்வின் பாறையில் ஒட்டும் சிறு கடலுயிர்களை மட்டும் 8 ஆண்டு ஆராய்ந்தார், புறா வளர்த்தார். வாலஸ், சரவாக் இளைஞர் அலியின் துணையோடு, தீவு தீவாக அலைந்தார்.

அப்படி அலைந்ததில் வேறொன்றும் கிடைத்தது. 1856-இல் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடல் தாண்டினார். குறுகிய கடல்தான். ஆனால் பாலியில் கண்ட பல ஆசியப் பறவைகள் அங்கே இல்லை; ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளிகள் இருந்தன. இரண்டு உலகங்களின் எல்லை அது. இன்றும் வாலஸ் கோடு என்றே பெயர்.

எல்லோரும் படித்த மால்தஸ் இருவருக்கும் ஒரே எண்ணத்தைத்தான் கொடுத்தார். கோட்டைக் காட்டியது படகு. எல்லாம் எழுதியாச்சு என்கிற தம்பியிடம் நான் கேட்பதும் அதுதான்: நீ எந்தக் கரைக்குப் போய் வந்தாய்?