திருப்புமுனை எது? யாழ்ப்பாண அரசியலில் 1970–75

பண்ணாகத்தில் 1976 மே 14 அன்று நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையே யாழ்ப்பாண அரசியலின் திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டை இலக்காக அறிவித்த தீர்மானம் அது. வழக்கில் நியாயம் உண்டு. ஆயினும், ஒப்பியல் ஆய்வின் கண்கொண்டு பார்த்தால் திருப்பம் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பது என் வாதம்.

ரூத் கொலியரும் டேவிட் கொலியரும் 1991இல் எட்டு லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒப்பிட்டு, ஒரு காலகட்டம் விட்டுச்செல்லும் நீடித்த மரபைக் கொண்டே அதைத் திருப்புமுனை எனக் கணித்தனர். பின்வந்த ஆய்வாளர்கள் இன்னொரு நிபந்தனையையும் வற்புறுத்தினர்: அக்காலத்தில் வேறு தெரிவுகளும் மெய்யாகவே திறந்திருக்க வேண்டும். 1976 இந்த இரண்டாவது சோதனையில் தேறாது.

1970இல் தெரிவுகள் திறந்திருந்தன. பிரிவினை கோருவோருக்கு ஆதரவு தரவேண்டாம் என்று அவ்வாண்டின் தேர்தல் அறிக்கையில் தமிழரசுக் கட்சியே மக்களைக் கேட்டது. சுயாட்சி கோரிப் போட்டியிட்ட வி. நவரத்தினம் ஊர்காவற்றுறையில் தோற்றார். 1977இலோ தமிழீழத்துக்கு ஆணை கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி குடாநாட்டின் எல்லாத் தொகுதிகளையும் வென்றது. ஏழு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு மாநாட்டுத் தீர்மானம் தனித்து உண்டாக்கியிருக்க முடியாது.

இடையில் நடந்தவை வரிசையாகவே தெரிகின்றன. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வரம்பாயின. கல்வியையே முதலாக நம்பிய யாழ்ப்பாண வீடுகளில் இது விழுந்த வேகத்தை எந்த அரசியல் மேடையும் எட்டியிருக்காது. அதே ஆண்டில், மொழி பற்றிய திருத்தங்கள் ஏற்கப்படாததால் தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பில், சிறுபான்மையோருக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு இல்லை. மக்கள் தீர்ப்பை வேண்டிக் கட்சித் தலைவர் செல்வநாயகம் 1972இல் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரியில்தான் நடந்தது. வாக்குப்பெட்டியைத் தேடிப் போனவரை அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் காக்கவைத்தது. இளைஞர் இதிலிருந்து கற்ற பாடத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அதே ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா இளைஞரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1956தான் திருப்புமுனை என்பார் உண்டு. தனிச் சிங்களச் சட்டத்தின் கனத்தை மறுக்க முடியாது. ஆனால் அதன் பின்னும் 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் செல்வநாயகம் ஒப்பந்தம் செய்தபோது, அவர் சொல்லுக்காகக் காத்திருக்க யாழ்ப்பாணம் தயாராக இருந்தது. ஒப்பந்தங்கள் முறிந்தன, பேசும் உரிமை முறியவில்லை.

கடினமான எதிர்வாதம் வேறொன்று. வட்டுக்கோட்டைக்குப் பிறகும் கூட்டணி 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றுத் தேர்தலில் நின்றதே, வழி அடைபட்டது எப்படி? அந்தத் தேர்தலே விடை தருகிறது. தலைமை சமரசத்துக்குத் திரும்பியது. ஆயுதம் எடுத்த இளைஞர் திரும்பவில்லை. தேர்தலுக்குச் சில நாள் முன் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபின், அவர்களைத் திருப்பக்கூடிய சொல் எந்தத் தலைவரிடமும் இருக்கவில்லை. ஆகவே 1970–75இல் பூட்டப்பட்டது கட்சியின் கொள்கை அன்று, மக்களின் பெயரால் உடன்படிக்கை செய்து அதை நிறைவேற்றும் ஆற்றல். வட்டுக்கோட்டைத் தீர்மானம் அந்த இழப்பைப் பதிவுசெய்த ஆவணம். அதை விளைவித்த காரணம் அன்று.