இசைமுரசும் திண்டுக்கல் சமவெளியும்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அருகே அமைந்துள்ள பேகம்பூர், ஊர்ப்பெயர்கள் வரலாற்றை எவ்வாறு காத்து வைக்கின்றன என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1755இல் மைசூர் அரசின் பவுஜ்தாராக ஹைதர் அலீ திண்டுக்கல்லுக்கு வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயராலேயே அப்பகுதி பேகம்பூர் என வழங்கலாயிற்று என்பர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது, பெயர் மாறவில்லை. கோட்டையும் பள்ளிவாசலும் இன்றும் கல்லில் நின்று அக்காலத்தை நமக்குச் சொல்கின்றன.

எனினும் ஒரு சமுதாயத்தின் வரலாறு முழுவதும் கல்லில் நிலைப்பதில்லை. மீலாது மேடையிலும் மணப்பந்தலிலும் ரமளான் மாதத்து ஸஹர் வேளையிலும் ஒலித்த குரலுக்குக் கல்வெட்டு ஏது? அத்தகைய குரல்களுள் தலையாயது, இசைமுரசு எனப் போற்றப்பெற்ற நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல். கடற்கரை ஊராகிய நாகூரைப் பெயரோடு சுமந்த அவரை, உள்நாட்டு ஊராகிய திண்டுக்கல்லில் நின்று நோக்குவதற்குக் காரணம் உண்டு.

இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாகிய ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. ஆயினும் அடுத்து வந்த நூற்றாண்டுகளில் இவ்விலக்கியத்தை வளர்த்தெடுத்த புலவர்களும் வள்ளல்களும் பெரும்பாலும் கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களைச் சார்ந்தவர்கள். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் வடிவங்கள் அங்கே செழித்தன. திண்டுக்கல் சமவெளியின் நிலை வேறு. இங்கே நிலத்தையும் வாணிபத்தையும் தோல் பதனிடும் தொழிலையும் நம்பி வாழ்ந்த இராவுத்தர்களும், மைசூர் ஆட்சியோடு வந்த தக்காண மரபினரும் அருகருகே வாழ்ந்தனர். ஏட்டில் இருந்த கடற்கரை மரபு இம்மக்களின் வீட்டுக்குள் வந்து சேர்வதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் அதற்கு வழி திறந்தன.

1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்த ஹனீபா, நாகூரில் வளர்ந்து, சிறு வயதிலேயே பைத்துப் பாடத் தொடங்கியவர். முறையான சங்கீதப் பயிற்சி அவருக்கு வாய்க்கவில்லை. எட்டுக்கட்டைக் குரல் என மக்கள் வியந்த உரத்த குரலும், ஒரு சொல்லும் சிதையாத தமிழ் உச்சரிப்புமே அவருடைய மூலதனம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கும் பாடலின் பொருள் சென்று சேர வேண்டும் என்பதே அவ்வுச்சரிப்பின் பயன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றையும், ஏழைக்கு இரங்கும் ஈகையையும், இறைவன் ஒருவனையே சார்ந்து நிற்கும் துணிவையும் நூல் படித்து அறியாத பலர், அவர் பாடக் கேட்டு அறிந்தனர்.

இசை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இசைக்கருவிகளைக் கூடாதென விலக்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் வரலாறு எழுதுவோர், ஒரு தலைமுறை தன் நம்பிக்கையைத் தாய்மொழியில் உரக்கச் சொல்லக் கற்றது எவ்வாறு என்று கேட்டாக வேண்டும். அக்கேள்விக்குரிய விடையில் ஹனீபாவைத் தவிர்க்க முடியாது.

அவருடைய வாழ்வின் மறுபாதி அரசியல். பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் மேடைகளில் அவர் திராவிட இயக்கத்தின் குரலாகவும் விளங்கினார். 1955இல் வெளிவந்த குலேபகாவலி படத்தில் எம்.ஜி.ஆர். நாயகர், அதில் நபி புகழ் பாடியவர்களுள் ஹனீபாவும் ஒருவர். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். அக்கட்சியின் முதல் பெரும் வெற்றிக்கு 1973 மே மாதத்தில் களமானது திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியே. இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் வென்றார்; தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை நாட்டுக்கே காட்டிய தேர்தல் அது. காற்று மாறியும் ஹனீபா இடம் மாறவில்லை, இறுதிவரை தி.மு.க.விலேயே நிலைத்தார்.

அதனால் அவர் பெரிதாக எதையும் வென்றார் என்று கூறவும் இயலாது. 1957இல் நாகப்பட்டினத்திலும், 2002இல் தம் 76ஆம் வயதில் வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் போட்டியிட்டுத் தோற்றார். சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகவும் தொண்டாற்றினார். வாக்குப்பெட்டி அவருக்குத் தராத இடத்தை மக்களின் செவி தந்தது. இறைவனிடம் கையேந்துமாறு அழைக்கும் அவருடைய பாடல், முஸ்லிம் அல்லாதார் இல்லங்களிலும் விரும்பிக் கேட்கப்படுகிறது. கேட்பவர் எச்சமயத்தவர் என்று பாராமல் துன்புற்ற மனிதரோடு பேசுவதே அதன் வலிமை.

அப்பாடலை இயற்றியவர் யார் என வினவினால், விடை கூறுவோர் சிலரே. அதை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம். ஹனீபாவுக்காகப் பாடல்கள் பல யாத்த நாகூர்ப் புலவர் ஆபிதீனையும் அறிந்தோர் குறைவு. குரல் நினைவில் நிற்க, எழுதிய கை மறைந்து போவது பாட்டு மரபில் எங்கும் நிகழ்வதுதான். எனினும் அது இழப்பே. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பெயர் இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவது அவர் பாடல்கள் நூலாகி நின்றமையால் அன்றோ?

2015 ஏப்ரல் 8 அன்று, 89ஆம் வயதில், ஹனீபா சென்னையில் இறையடி சேர்ந்தார். 2025 அவருடைய நூற்றாண்டு. அவரைப் புகழ்ந்து பேச மேடைகளுக்குக் குறைவில்லை. செய்யாமல் கிடக்கும் பணி வேறு. பேகம்பூர் போன்ற ஊர்களின் பழைய வீட்டு அலமாரிகளில் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் மீலாது விழா அழைப்பிதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கக்கூடும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரில் இருப்பவற்றைத் தேடித் தொகுத்து, பாடியவர் பெயரோடு இயற்றியவர் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒலிநாடாவுக்குக் கல்லின் ஆயுள் இல்லை. அவை கரைந்து போகுமுன் இதைச் செய்வது நம் தலைமுறையின் கடமையாகும்.